மாமல்லபுரத்துக்கு முதன்முறை போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாமல்லபுரம் போகிறேன் என்று யாராவது சொன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. அப்படிச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த கேள்விகளும் பதில்களும் இவை. நேரம், டிக்கெட், பேருந்து பற்றிய சங்கதிகளைச் சுருக்கமாக முடித்துவிட்டுக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

ஒரு நாள் போதுமா?

போதும், காலை ஆறு மணிக்கே அங்கே இருந்தால். பதினொரு மணிக்கு வந்து இறங்கி, வெயிலில் அலைந்து, நான்கு மணிக்குத் திரும்பினால் பார்த்ததாகவே ஆகாது. முடிந்தால் முந்தைய நாள் மாலையே போய் இரவு தங்கிவிடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஈடில்லை. ஒத்தவாடைத் தெருவிலும் அதைச் சுற்றியும் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எந்த நாளைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் கருங்கல் பாறை சூடேறிவிட்டால் மாலை வரை ஆறாது. காணும் பொங்கலன்று மட்டும் போகவே போகாதீர்கள். அன்று சிற்பத்தைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்காகப் போகிறவர்கள், பகலில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு மாலையை அதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பேருந்துகள் நிறைய உண்டு. சில பேருந்துகளின் பலகையில் மகாபலிபுரம் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்துவிடலாம். சென்னை வரை போய்த் திரும்பி வர வேண்டிய அவசியமில்லை.

ஊருக்குள் நடந்தே பார்த்துவிடலாம். ஐந்து ரதங்கள் மட்டும் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அதற்கு ஆட்டோ பிடிக்கலாம். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

டிக்கெட் எவ்வளவு? எல்லா இடத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டுமா?

இந்தியத் தொல்லியல் துறையின் டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கவனியுங்கள்: சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாட்டவருக்கும் 40 ரூபாய்தான். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். விவரம் தெரியாமல் 600 கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்றைக்கு வாங்கிய ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் இரண்டையும் பார்க்கலாம். வெண்ணெய் உருண்டை என்று அழைக்கப்படும் பெரிய உருண்டைப் பாறை இருக்கும் வளாகத்திலும் அதையே கேட்பார்கள். எனவே கடைசி இடம் வரை பத்திரப்படுத்துங்கள். திறந்திருக்கும் நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. தெருவோரத்தில் இருக்கும் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்க்கக் காசு வேண்டாம். ஊரிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்பது வேறு விஷயம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் சொன்ன பெரிய பாறைச் சிற்பம், அதாவது தவக் காட்சிச் சிற்பம், கிழக்கு நோக்கியது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வோர் உருவமும் பாறையிலிருந்து பிரிந்து நிற்கும். நண்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஆகவே ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில், ஏழரை மணிக்குள் தவச் சிற்பம், வெயில் ஏறியதும் குன்றின் மேல் உள்ள குகைக் கோயில்கள். அங்கே நிழல் உண்டு. சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மூன்றரை மணிக்கு மேல் ஐந்து ரதங்கள். ரதங்களின் வளாகத்தில் ஒதுங்க நிழல் அதிகம் கிடையாது. பயணக் குழுக்கள் நண்பகலில் அங்கே ஆட்களை இறக்கிவிடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தப் பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்குவதா?

இரு தரப்புக்கும் சாட்சி பாறையிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 90 அடி நீளத்துக்கு இரண்டு பெரும் பாறைகள், நடுவே ஒரு பிளவு. பிளவின் இடப்பக்கம் எலும்பும் தோலுமாய் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறார். அவர் முன்னே சிவன் நின்று வரம் அளிக்கிறார். பாசுபத அஸ்திரம் வேண்டித் தவம் செய்த அர்ச்சுனன் என்று சொன்னால் பொருந்துகிறது.

பிளவைப் பாருங்கள். உள்ளே நாகர்கள் கைகூப்பியபடி மேலேறுகிறார்கள். இரு பக்கத்து உருவங்களும் அந்தப் பிளவை நோக்கியே விரைகின்றன. பாறையின் உச்சியில் தண்ணீர் தேக்கிய தொட்டி இருந்ததற்கான தடயங்களையும் ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். பிளவு வழியாக உண்மையிலேயே தண்ணீர் இறங்கியிருந்தால், அது கங்கைதான்; தவம் செய்கிறவர் பகீரதன். என் ஓட்டு கங்கைக்கு. கீழே ஆற்றங்கரையில் ஒருவர் குளித்த துணியைப் பிழிகிறார், இன்னொருவர் குடம் சுமக்கிறார். ஆறு இல்லாமல் இவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

எந்தக் கதையானாலும் சரி, கீழ்ப்பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வலப்பக்கம் பெரிய ஆண் யானை, அதன் காலடியில் குட்டிகள். அந்த யானையின் தந்தத்துக்குக் கீழே தேடினால் ஒரு பூனை அகப்படும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்கிறவரைப் போலவே நிற்கிறது. வயிறு ஒட்டியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள் பயமில்லாமல் விளையாடுகின்றன. சிவன் வரம் கொடுக்கும் பாறையிலேயே ஒரு போலித் துறவியையும் செதுக்கிய அந்தச் சிற்பியின் குறும்பை அரசன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று யோசிக்கலாம். இடப்பக்கம் சிறு கோயில் ஒன்றின் கீழே தலை உடைந்த முனிவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு மான், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது.

ஐந்து ரதங்கள் பாண்டவர்களுடையவையா?

இல்லை. அந்தப் பெயர்கள் பின்னால் ஊர் மக்கள் வைத்தவை. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ரதம் என்ற பெயரே கூடப் பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒரு கோயில். ஒரே பாறையில் செதுக்கிய கோயில்.

அதற்கு முன் கோயில்களைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிக்கொண்டிருந்தார்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மன் தன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறான். அவன் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தில் (630–668) அது இன்னும் பெரிதாக வளர்ந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இங்குள்ள எல்லாமே பிற்காலத்துப் பல்லவ அரசன் இராஜசிம்மன் எடுத்தவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். விவாதம் முடியவில்லை.

வடக்கிலிருந்து உள்ளே போனதும் முதலில் வருவது திரௌபதி ரதம், கூரை வேய்ந்த குடிசை வடிவம். உள்ளே எட்டிப் பாருங்கள்: கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டுத் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கத் தயாராக இருக்கிறான். பலர் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இதைப் பார்க்காமலே நகர்கிறார்கள். அடுத்து அர்ச்சுன ரதம். அதை அடுத்து வண்டிக் கூண்டு போன்ற நீண்ட கூரையோடு பீம ரதம். தெற்குக் கோடியில் மூன்று நிலைகளோடு தர்மராஜ ரதம். வரிசையிலிருந்து விலகி நிற்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் வளைந்திருக்கும். இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். பக்கத்தில் ஏன் ஒரு கல் யானை நிற்கிறது என்று கேட்டால், அந்த யானைக்குப் பின்னால் போய் நின்று இரண்டின் முதுகையும் சேர்த்துப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும்.

பல வேலைகள் பாதியில் நிற்கின்றனவே, ஏன்?

அரசன் மாறியதா, போரா, பாறையில் விரிசலா, பணம் தீர்ந்ததா? யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் முதன்முறை வருகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: முடிக்காத வேலைகளைத் தேடிப் பாருங்கள். முடிந்த சிற்பம் எப்படிச் செய்தார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. முடியாதது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பீம ரதத்தின் மேல்பகுதி நுணுக்கமாக முடிந்திருக்கிறது. அடிப்பகுதி கரடுமுரடாக இருக்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சாரம் கட்டத் தேவையில்லை. பாறையின் தலையில் நின்று தொடங்கி, செதுக்கச் செதுக்க இறங்கி வரலாம். ஒரு சிக்கல், மேலே கை தவறினால் மாற்றுக் கல் கிடையாது.

தவச் சிற்பத்துக்கு அருகில் உள்ள பஞ்ச பாண்டவர் மண்டபத்துக்குள் போய்ப் பின்சுவரைப் பாருங்கள். பாறை முகத்தைக் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டிக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கோடுகளை ஆழப்படுத்திய பிறகு, நடுவில் எழும்பி நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாக உடைத்து எடுப்பார்கள். மறுபடி கோடு, மறுபடி உடைப்பு. இப்படி ஒவ்வோர் அடியாகக் குகை உள்ளே போயிருக்கிறது. கலங்கரை விளக்கம் போகும் சாலையில் தவச் சிற்பத்தின் இன்னொரு பதிப்பு, பாதியில் கைவிடப்பட்டு நிற்கிறது. யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்துங்கள். உருவங்கள் பாறையிலிருந்து பாதி வெளியேறிய நிலையில் இருக்கும்.

குகைக் கோயில்கள் நிறைய இருக்கின்றன. நேரமில்லை என்றால் எதைப் பார்ப்பது?

மூன்று. மகிஷாசுரமர்த்தினி குகை, வராக குகை, கிருஷ்ண மண்டபம்.

முதலாவதில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு காட்சிகள். ஒன்றில் எட்டுக் கைகளோடு துர்க்கை சிங்கத்தின் மேல் பாய்ந்து வருகிறாள். எருமைத் தலை அசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடியே பின்வாங்குகிறான். பின்வாங்கினாலும் அவன் தலைக்கு மேல் குடை விரிந்தே இருக்கிறது, அரச மரியாதைக்குக் குறைவில்லை. எதிர்ச் சுவரில் அனந்தசயனத்தில் விஷ்ணு. ஒரு சுவரில் எல்லாம் ஓடுகிறது, மறு சுவரில் எதுவும் அசையவில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பாருங்கள்.

கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனைவிட, பக்கத்தில் பால் கறக்கும் ஆயரும் கன்றை நக்கும் பசுவும்தான் என்னை இழுக்கிறார்கள். முன்னால் உள்ள தூண்கள் பிற்காலத்தவை. சிற்பம் முதலில் திறந்தவெளியில்தான் இருந்தது.

வெண்ணெய் உருண்டை உருண்டுவிடாதா?

விடாது. சுமார் 250 டன் என்று மதிப்பிடுகிறார்கள். 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னதாகவும் அசையவில்லை என்றும் ஒரு கதை உண்டு. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன் நின்று கைகோத்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகு கூட்டம் கூடிவிட்டது. பத்து நிமிடம் போதும். உருண்டை நிற்கும் சரிவுப் பாறை வழுவழுப்பானது, செருப்பு வழுக்கும்.

கடற்கரைக் கோயிலில் பூசை நடக்கிறதா?

இல்லை. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். கும்பிட வேண்டும் என்றால் ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். 108 திவ்விய தேசங்களில் ஒன்று, திருக்கடல்மல்லை. பூதத்தாழ்வார் அவதரித்த ஊர் இது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

கடற்கரைக் கோயில் இராஜசிம்மன் எடுத்தது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ரதங்களைப் போலக் குடைந்தது அல்ல. கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. கிழக்கு நோக்கி ஒன்று, மேற்கு நோக்கி ஒன்று என இரண்டு சிவன் சன்னதிகள். இரண்டுக்கும் நடுவே விமானம் இல்லாத அறையில் விஷ்ணு படுத்திருக்கிறார். அவர் இருப்பது அங்கேயே கிடந்த இயற்கைப் பாறையில் செதுக்கிய உருவம். சிவன் சன்னதிகளின் கருவறைப் பின்சுவரில் சிவன், உமை, நடுவில் குழந்தை முருகனோடு சோமாஸ்கந்தர். மதிலின் மேல் நந்திகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. உப்புக் காற்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அவற்றின் முகத்தைத் தின்றுவிட்டது. கடலோரத்தில் கற்களைக் கொட்டியும் சவுக்கு நட்டும் காகிதக் கூழ் பூசி உப்பை உறிஞ்சியும் மிச்சத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்கிறார்களே?

கடலோடிகள் இந்த ஊரை ‘ஏழு பகோடா’, அதாவது ஏழு கோயில்கள், என்று அழைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கதை. முழுப் புளுகு என்றும் தள்ள முடியாது. 2002இல் தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவும் கடலுக்கடியில் மூழ்கித் தேடியபோது கட்டுமானச் சிதைவுகள் தென்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துச் சென்றபோது மேலும் சில தடயங்கள் வெளிவந்தன. வடக்கே சாளுவன்குப்பத்தில் முருகன் கோயில் ஒன்றின் அடித்தளத்தை அகழ்ந்தெடுத்தார்கள். கற்கோயிலுக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம் இருந்தது. ஆனால் முழுதாக ஆறு கோயில்கள் நீருக்கடியில் நிற்கின்றன என்று விரலை நீட்டிக் காட்டுகிறவரிடம் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

வழிகாட்டி தேவையா?

அரசு அடையாள அட்டை வைத்திருப்பவராக இருந்தால் தவச் சிற்பத்துக்கும் ரதங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். கட்டணத்தையும் எந்தெந்த இடம் என்பதையும் நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். அவர் தரத்தை அறிய ஒரு வழி: “பூனை எங்கே?” என்று கேட்காமல், “முடியாத வேலை எது?” என்று கேளுங்கள். பூனையை எல்லோரும் காட்டுவார்கள்.

கற்சிற்பம் வாங்கலாமா?

தாராளமாக. தெருவெங்கும் உளிச் சத்தம் கேட்கும். அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இங்கே இயங்குகிறது. மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கையடக்கப் பொருள்கள் பெரும்பாலும் மாக்கல், அதாவது நகத்தால் கீறினாலே கோடு விழும் மென்மையான கல். அதைக் கருங்கல் விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். கடையில் வாங்குவதைவிட, பட்டறையில் உட்கார்ந்து செதுக்குகிறவரிடமே பேசி வாங்குவது நல்லது. விலையைவிட முக்கியம், சிலையின் விரல்களையும் கண்களையும் பாருங்கள். அவசர வேலை அங்கேதான் தெரியும்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

கடற்கரைக் கோயிலும் ரதங்களும் சமதளம்தான். மெல்ல நடந்தால் போதும். தவச் சிற்பம் சாலையோரம். குன்றின் மேல் ஏறுவதுதான் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். அவர்களைக் கிருஷ்ண மண்டபத்தின் நிழலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறிவரலாம். குழந்தைகளுக்கு அரச வம்சம் எதுவும் சொல்ல வேண்டாம். பாறையில் எத்தனை யானை என்று எண்ணச் சொல்லுங்கள். குன்றின் மேல் குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகக் கூடாது.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். அலை சாதுவாகத் தெரிந்தாலும் இழுப்பு அதிகம். காலை நனைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புலிக்குகை தனியாகப் போகத் தகுந்ததா?

சொந்த வண்டி இருந்தால் கட்டாயம். ஊருக்கு வடக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரில், சென்னைச் சாலையிலேயே, சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில் பார்க்கலாம். ஒரு சிறு மேடையைச் சுற்றி வாய் பிளந்த யாளித் தலைகள். அதே வளாகத்தில் அதிரணசண்ட குகையும், சற்று வடக்கே நான் சொன்ன முருகன் கோயிலின் அகழ்வும் இருக்கின்றன. கூட்டம் குறைவு, மரநிழல் அதிகம்.

அதே நாளில் காஞ்சிபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தூரம் சுமார் 65 கிலோமீட்டர்தான், ஆனால் காஞ்சிக் கோயில்கள் நண்பகலில் மூடி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் இரண்டும் போய்விடும். மறுநாள் காலை கிளம்புங்கள். காஞ்சியில் இறங்கியதும் நேரே கைலாசநாதர் கோயில். கடற்கரைக் கோயிலை எடுத்த அதே இராஜசிம்மன், அங்கே கருங்கல்லை விட்டு மணற்கல்லுக்கு மாறினான். சிற்பங்கள் எண்ணிக்கையில் எங்கேயோ போய்விட்டன. மற்ற கோயில்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.